வெள்ளைப் பூ வந்தால் மலையடி வீடு

என் தங்கை பினாங்குக்குக் குடிபோன வருஷம் நான் பாதியாக இளைத்துப்போனேன். கூடப் பிறந்தவளைப் பிரிந்த ஏக்கம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்து, "மனச தேத்திக்கோ" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தின்றேன். ஏக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை. கலப்படமில்லாத பொறாமை. அந்த வருஷங்களில் திருத்தணியில் ரேஷன் அரிசியில் கல் இருந்தது, மண்ணெண்ணெயில் தண்ணீர் இருந்தது. என் பொறாமை ஒன்றுதான் சுத்தமாக இருந்தது.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம் அது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெய்கிற கைலிகளை வாங்கிப் பினாங்குக்கு அனுப்புகிற முதலாளி ஒருவர் எங்கள் ஊரில் கிடங்கு வைத்திருந்தார். என் வீட்டுக்காரரும் தங்கையின் புருஷனும் அவரிடம்தான் வேலை பார்த்தார்கள். தங்கை புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற வேலை. என் வீட்டுக்காரருக்குச் சரக்குப் பார்க்கிற வேலை. நெசவுக்காரர்கள் கொண்டுவருகிற கைலியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். எந்த இடத்தில் இழை விட்டுப்போயிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். குறை கண்டால் கத்த மாட்டார். அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு, நெய்தவன் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். நெய்தவனே தலையைச் சொறிந்துகொண்டு கைலியைத் திருப்பி எடுத்துக்கொள்வான்.

பினாங்குக் கடையை மறுபடி திறக்கப்போகிறோம், குடும்பத்தோடு போய் இருக்க ஆள் வேண்டும் என்று முதலாளி முதலில் கேட்டது யாரை? என் வீட்டுக்காரரை. அவர் என்ன சொன்னார்? முடியாது என்றார். அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர், குண்டு விழுந்தபோது அங்கிருந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்து, அரக்கோணம் ஸ்டேஷனில் எலும்புக்கூடாக இறங்கினார். ஸ்டேஷனுக்குப் போய்க் கைத்தாங்கலாக அழைத்துவந்தது இவர்தான். அதிலிருந்து கடல் என்றாலே இவருக்கு ஆகாது.

அவர் பயந்தது கூடத் தப்பில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. முதலாளிக்குப் பதில் சொல்லி நாலு நாள் கழித்து, குழம்பு ஊற்றும்போது, "பினாங்குக்கு கூப்டாங்க, வேணாம்னுட்டேன்" என்றார். என் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து நான் பார்த்த தூரதேசம் மதராஸ்தான். அதுவும் இரண்டு தடவை, இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கும்போது சுவரில் ஒரு உலகப் படம் தொங்கும். அதில் நீலமாக இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்ததற்காக டீச்சரம்மாவிடம் பிரம்படி வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைக் கேட்டிருந்தால், அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பேன்.

இவர் வேண்டாம் என்றதும் வேலை தங்கை புருஷனுக்குப் போயிற்று. அவர் மறு பேச்சில்லாமல் சரி என்றுவிட்டார்.

தங்கைக்கு மாமியார் வீடு மணவூர். பாசஞ்சர் வண்டியில் ஏறினால் எங்கள் ஊர் கூப்பிடு தூரம் மாதிரிதான். ஒருநாள் காலை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கடிதத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பினாங்கில் முன்பே இருக்கிற கணக்கர் ஒருவர் எழுதியது. குடியிருக்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன், எது வேண்டும் என்று எழுதினால் சொல்லி வைக்கிறேன் என்று கேட்டிருந்தார். என் பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து சில கைலிகளை மடித்துக்கொண்டிருந்தார். தங்கை கடிதத்தை எனக்காக உரக்கப் படித்தாள்.

முதல் இடம், துறைமுகத்துத் தெருவில் கடைக்கு மேலேயே மாடி அறை. ஒற்றை அறை, பலகைத் தரை. கீழே கடையும் சரக்கு மூட்டைகளும். தண்ணீர் கீழே கடை ஆட்களோடு பொது. ஏணி மாதிரிப் படி. வாடகை கிடையாது. வேலைக்கு இறங்கிப்போனால் போதும்.

இரண்டாவது, ஊருக்கு வெளியே மலையடியில் ஒரு மரவீடு. அதைப் படிக்கும்போது அவள் குரலே மாறிப்போயிற்று. முன்கட்டு, பின்கட்டு. பின்கட்டில் தனியாக இரண்டு அறை. கொல்லையில் பழமரம். போகிற வழியில் முருகன் கோயில். அக்கம்பக்கம் தமிழ்க் குடும்பங்கள், பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம். வாடகையில் பாதி நம் கையிலிருந்து. அப்புறம், சமையலறைக்கு உள்ளேயே குழாய்.

"குழாயா? உள்ளயா?" என்றேன்.

"ஆங் அக்கா. திருகினா தண்ணி வருமாம். நாள் பூரா வருமாம்."

நான் என் கையைப் பார்த்தேன். காலையில் எட்டுக் குடம், சாயங்காலம் ஐந்து குடம், தெருக்கோடிக் கிணற்றிலிருந்து. கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கையில் காய்த்துப்போன இடத்தில் ஊசி குத்தினால்கூட வலிக்காது. இவள் அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து குழாயைத் திருகுவாளாம். என் வயிறு பற்றி எரிந்தது. அது எனக்கு வந்த வேலை. எனக்கு வரவேண்டிய குழாய்.

"மூணு பேருக்கு எதுக்குடி பின்கட்டு?" என்று கேட்டேன். "பெருக்கியே இடுப்பு ஒடிஞ்சிடும்."

"இருக்கட்டுமே அக்கா. யாராவது வந்தா போனா..."

"கடல தாண்டி யாருடி வரப்போறாங்க ஒன் வூட்டுக்கு? கைக்கொழந்தைக்கு இஸ்கூலு வேற பக்கத்துல வேணுமாக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பாவா என்று அவள் கூப்பிடுகிற என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மடித்த கைலியையே மறுபடி பிரித்து மடித்தார். என்னைப் பார்த்து இரண்டு பேரும் பரிதாபப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை.

தங்கை புருஷனுக்கு மாடி அறைதான் பிடித்திருந்தது. தினம் சைக்கிள் மிதிக்க வேண்டாம், வாடகை இல்லை. அவளோ மலையடி வீடு என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் எங்கள் நைனாவிடம் பஞ்சாயத்து வந்தது. நைனா இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "எனுக்கு இன்னா தெரியும் அந்த ஊர பத்தி? மல மேல போயி பூ கட்டி பாருங்க. அவன் சொல்லட்டும்" என்றுவிட்டார்.

எங்களில் எந்தக் காரியம் இழுபறியானாலும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே அளவாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, முருகன் காலடியில் வைக்கக் கொடுப்பார்கள். குருக்கள் ஒன்றை எடுத்துத் தருவார். அதுதான் உத்தரவு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். வெள்ளை வந்தால் மலையடி வீடு, சிவப்பு வந்தால் மாடி அறை என்று பேசி வைத்தார்கள். காரியத்துக்கு உரியவர்கள் பொட்டலம் கட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதனால் நைனா என்னைக் கை காட்டினார். "பெரியவ கட்டட்டும். அவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

எனக்கு இதில் ஒன்றும் இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, கொல்லையில் வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்கு அரளியும் பறித்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உட்காரும்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அரளியை முதலில் கட்டினேன். ஐந்து பூ. இலையை மடித்து நாரைச் சுற்றினேன். அடுத்த இலையை எடுத்து வைத்தேன். பக்கத்தில் நாலு குடமும் காலியாக இருந்தன. கோயிலுக்குப் போய்வந்து அத்தனையும் நிரப்ப வேண்டும். என் கை நந்தியாவட்டைப் பக்கம் போயிற்று, நின்றது, மீதி இருந்த அரளியை எடுத்தது. அதையும் ஐந்தாக எண்ணி வைத்துக் கட்டினேன். திருட்டு வேலையிலும் அளவு தப்பக் கூடாது பாருங்கள்.

நந்தியாவட்டையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. பயம்தான். வீட்டில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மலைப்படி ஏறும்போது தங்கை குழந்தையைச் சுமந்துகொண்டு முன்னால் போனாள். படிக்குப் படி உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அவள் புருஷன் குழந்தையைக் கேட்டும் தரவில்லை. சுமந்துகொண்டு ஏறினால்தான் பலிக்கும் என்றாள். பின்னால் நான் தட்டில் இரண்டு பொட்டலத்தோடு. நான் பின்தங்கிக்கொண்டே போனேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து அவள் திரும்பி நின்று, "மெதுவா வா அக்கா" என்றாள்.

குருக்கள் இரண்டையும் வாங்கிக் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்துத் தங்கை கையில் போட்டார். மற்றதை என் தட்டில் வைத்தார். அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். இலையைப் பிரித்தாள்.

அந்த முகத்தை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அழவில்லை. சின்ன வயசில் கையிலிருந்த தின்பண்டத்தை நான் பிடுங்கிக்கொண்டால் எப்படி ஒரு கணம் சும்மா நிற்பாளோ, அப்படி நின்றாள். அப்புறம் அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவன் சொன்னா சரிதான்" என்றாள். அவள் புருஷன் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கா? மறைப்பானேன், வயிறு குளிர்ந்தது. குழாய் இல்லை. பழமரம் இல்லை. பின்கட்டு இல்லை. ஏணிப்படியில் குடம் தூக்கிக்கொண்டு ஏறட்டும், அப்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது பாதிப் படியில் நின்றாள். "அக்கா, அந்தப் பொட்டலத்த குடு. நந்தியாவட்டையத் தலையில வெச்சிகினு போறேன். வூடுதான் இல்லன்னு ஆச்சு, பூவாவது வெச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

"சாமி குத்தம்டி, பிரிக்கக் கூடாது" என்று அதட்டினேன். நான் அதட்டினதில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கீழே குளத்தில் பொட்டலத்தைப் போட்டேன். அது முழுகவில்லை. கரை ஓரமாகவே மிதந்துகொண்டு நின்றது. அவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டு, படியில் குந்தி, கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அதைத் தூர அனுப்பினேன். பார்ப்பவர்கள் என்னை எவ்வளவு பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது. "இன்னா பூ வந்துது?" என்றார்.

"செவப்பு."

உள்ளே போய்ச் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிடங்குக்குப் போய்விட்டார். கைக்கு வந்த வேலையைத் தட்டிவிட்டோமே என்று இப்போது உறைக்கிறதாக்கும், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

தங்கை புறப்பட்டுப்போனாள். ஸ்டேஷனில் அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகைக்கு, வண்டியில் இருந்தவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அந்த அழுகை பொய் இல்லை. வண்டி அவளோடு போகிறது, என்னோடு போகவில்லை என்று அழுதேன்.

முதல் கடிதம் வந்தது. மாடி அறை அனல் அடிக்கிறதாம். கீழே கைலி மூட்டைகளின் கஞ்சி வாடை மேலே ஏறுகிறதாம். படியில் குடம் தூக்கி ஏறி முழங்காலில் வீக்கமாம். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாள்: சாயங்காலம் தெருவில் ஐஸைச் சீவி அதன்மேல் சிவப்புப் பாகு ஊற்றி விற்கிறார்கள், அறையிலிருந்தே கூடையை இறக்கி வாங்கிக்கொள்ளலாம் என்று. அவ்வளவுதான், போயிற்று என் நிம்மதி. வெயிலில் குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் அந்தக் கூடை என் கண்ணுக்குள் கயிற்றில் ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மலையடி வீட்டில் ஐஸ் விற்பவன் வந்திருப்பானோ மாட்டானோ! அவள் சுகத்தைக் கெடுத்தவளே நான்தான், அப்படியும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

எட்டு மாசம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அன்று அமாவாசை, கிடங்கு இல்லை. என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்தேன். எப்போதும் போல நலம், நலமறிய அவா. அப்புறம் இப்படி எழுதியிருந்தாள்.

"போன வாரம் அந்த மலையடி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் அக்கா. அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது. பின்கட்டில் அவர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன. அந்தப் பின்கட்டு உனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கடையில் சரக்குப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும் முன்பே பாவாவிடம் கேட்டேன். பெரிய வீடாகக் கிடைத்து எல்லாரும் ஒன்றாக இருப்பதானால் பயமில்லை, நானும் வருகிறேன் என்றார். உனக்குச் சொல்லாதே என்றும் அவர்தான் சொன்னார். அவள் இப்போதே பெட்டி கட்டிவிடுவாள், வீடு அமையாமல் போனால் தாங்க மாட்டாள் என்றார். உன் பெண்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். முருகன் வேறு மாதிரி நினைத்துவிட்டான். இப்போது கடையில் இந்த ஊர் ஆளையே சேர்த்துக்கொண்டார்கள். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே."

அதற்குக் கீழே குழந்தை நடக்கத் தொடங்கியது பற்றி ஏதோ எழுதியிருந்தாள். நான் அதைப் படிக்கவில்லை.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னா எழுதிகீறா?" என்றார். கடிதத்தை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்று, நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து, மடித்து, என் மடியில் வைத்தார்.

"மெய்யாவே வரேன்னு சொன்னீங்களா?" என்றேன்.

"ஆங்."

"கடலுன்னா பயம்னு சொல்வீங்களே."

"பயந்தான். வெள்ள வந்துதுன்னா பயத்த விட்டுட்டு போலாம்னு மலைய பாத்து வேண்டிகினேன். நீ கெணத்துல தண்ணி சேந்தறத தினம் பாத்துகினுதான இருக்கேன்?"

தெருவில் யாரோ குடத்தை நங்கென்று கல்லில் வைத்தார்கள். அவர் எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். படத்துக்குக் கீழே, வெறும் பலகையில், பூ வைக்கிற இடத்தில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு இங்க நந்தியாவட்ட இருந்துதே," என்றார், "பொட்டலம் கட்டினது போக மிச்சமா?"

கத்தவில்லை. விரலை எடுக்காமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.